கரும்புள்ளி என்னும் சொல்

கொடைக்கானல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய சூரியனைப் பற்றிய தமிழ்க் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் பழைய பொருளைச் சுமந்துகொண்டே வருகிறது, அறிவியலுக்கு ஆங்கிலம்தான் தோது என்று கடைசியில் அலுத்துக்கொண்டிருக்கிறாய். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில், பனிமூட்டம் விலகிய காலை வேளைகளில் சிறிய தொலைநோக்கி வழியாகச் சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்து மாணவர்களுக்குக் காட்டுவேன். ஒருநாள் ஒரு சிறுவன், "சூரியனுக்குக்கூடவா சார் கரும்புள்ளி?" என்று கேட்டான். ஒருவருடைய பெயருக்கு நேர்ந்த களங்கத்தையும் நாம் கரும்புள்ளி என்றே சொல்வதால், சூரியனுக்கு ஏதோ இழுக்கு நேர்ந்துவிட்டதாக அவன் வருந்தியது முகத்திலேயே தெரிந்தது. பிம்பத்தில் தெரிந்த அந்தப் புள்ளி உண்மையில் கருப்பே அன்று. சுற்றிலும் ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பநிலை இருக்க, அங்கே மட்டும் ஏறத்தாழ 4,000 கெல்வினாகக் குறைந்திருப்பதால் மங்கித் தெரிகிறது. அதைத் தனியே பெயர்த்து இரவு வானில் வைத்தால் முழுநிலவைவிடப் பிரகாசமாக ஒளிரும் என்று சொன்னேன். அவன் மறுபடியும் தாளைக் குனிந்து பார்த்தான்.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. லத்தீனில் இதற்கு வழங்கிய 'மாகுலா' என்ற சொல்லுக்கும் புள்ளி, கறை என்னும் இரு பொருளும் உண்டு. மாசற்ற சூரியனில் கறை இருக்கலாகாது என்ற அக்காலத் தத்துவத்தைக் காக்க, அந்தப் புள்ளிகள் சூரியனைச் சுற்றும் சிறு கோள்களே என்று ஷைனர் என்னும் ஏசு சபைத் துறவி 1612-ல் எழுதினார். 1613-ல் வெளிவந்த தம் கடிதங்களில் கலிலியோ அதை மறுத்தார். நீ நம்பும் ஆங்கிலத்தையே எடுத்துக்கொள். டார்வினின் 'இயற்கைத் தேர்வு' என்ற தொடரைக் கண்டவர்கள் தேர்ந்தெடுப்பவர் ஒருவர் இருப்பதாக எண்ணுகிறார்கள் என்று கவலைப்பட்ட சக இயற்கை அறிஞர் வாலஸ், 1866-ல் அவருக்குக் கடிதம் எழுதி, 'தக்கது பிழைக்கும்' என்ற தத்துவ அறிஞர் ஸ்பென்சரின் தொடரை முன்மொழிந்தார். டார்வினும் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற தம் நூலின் 1869-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதைச் சேர்த்தார். பின்னர், வலியவர் எளியவரை நசுக்குவதற்கு அத்தொடரையே நியாயமாகக் காட்டியவர்கள் எத்தனை பேர்!

1909-ல் நம் கொடைக்கானல் மலையின் சூரிய ஆய்வகத்தில் எவர்ஷெட் என்னும் வானியலாளர் கண்டதையும் எண்ணிப் பார். கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று நாம் சொல்கிறோம். அவர் அளந்ததோ நிறமாலைக் கோடுகளின், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும்போது தெரியும் கோடுகளின், சிறு இடப்பெயர்ச்சியை. பாய்ச்சல் என்பது அந்த அளவீட்டிலிருந்து பெற்ற பொருள்.

ஆகையால் கரும்புள்ளி என்ற சொல்லை நீக்காதே. மூன்றாம் பத்தியில் 'இருண்ட பகுதி' என்று எழுதி நிறுத்தியிருக்கிறாய். அங்கே இரு வெப்பநிலைகளையும் சேர்த்துவிடு. அந்தச் சிறுவன் கேட்டதை உன் வாசகரும் கேட்பார்கள். கேட்கட்டும், அடுத்த வரியிலேயே விடை சொல். திருத்திய பிரதியை அனுப்பி வை. அம்மாவும் வாசிக்கக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா