மூணு நாள் நின்ன பாய்லர்

லீட்ஸ்,
தை 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் ஆச்சியும் நலமா? போன ஞாயித்துக்கிழமை பேசினப்போ குரல் ஏன் நடுங்குதுன்னு அம்மா கேட்டாங்க. வீட்டுப் பாய்லர் மூணு நாளா நின்னுபோயிருந்தது. கவலைப்படுவாங்கன்னு சொல்லல. இப்ப சரியாயிட்டு. அது எப்படிச் சரியாச்சுங்கறத உங்களுக்குத்தான் எழுதணும்.

இங்க பாய்லர்ங்கறது குளிக்கிற வெந்நீருக்கு மட்டும் இல்லப்பா. அடுப்படிச் சுவத்துல ஒரு பெட்டி, கேஸ்ல எரியும். அதுல சூடாகிற தண்ணிதான் ஒவ்வொரு ரூம் ரேடியேட்டருக்கும் போய்த் திரும்பும். அது நின்னா படுக்கை, தலகாணி எல்லாம் சில்லுன்னு ஆயிரும். சாரல் மாசத்துல காயாத துணியைத் தொடுற மாதிரி.

பக்கத்து வீட்டுக்காரர், பாய்லரை இயக்குற எலக்ட்ரானிக் போர்டு போயிருக்கும்னார். போர்டுன்னா பெரிய செலவு. கேஸ் வேலைக்குப் பதிவு பெத்தவங்கதான் கை வைக்கலாம், அதனால காத்திருந்தேன். வந்தவர் போர்டைத் தொடவே இல்ல. செம்புக் குழாயில கவ்விக்கிட்டிருந்த, தண்ணியோட சூட்டைப் போர்டுக்குச் சொல்ற, விரல் நுனி அளவு சென்சாரைக் கழட்டி மீட்டரை வச்சார். 25 டிகிரியில மின்தடை 10,000 ஓம்ஸ் காட்டணுமாம். சூடு ஏற ஏற இறங்கி, 50 டிகிரியில சுமார் 3,600 வரும். செம்புக் காயில் சூடானா ஓம்ஸ் கூடும்னு ஆரியங்காவு ரப்பர் தோட்டத்து மோட்டாரை வச்சு நீங்க சொல்லித் தந்தீங்களே, இது அதுக்கு நேர் எதிர்.

நம்மதுல ஓப்பன், அதாவது உள்ளுக்குள்ள அறுந்து, ஓம்ஸ் எல்லையில்லாமப் போயிருந்தது. வயர் எங்கயும் அறுந்திருக்கான்னு கன்டினியூட்டியும் பார்த்தார், அது நல்லா இருந்தது.

ஓம்ஸ் அவ்வளவு கூடினா போர்டுக்குக் கடுங்குளிர்னுதான் அர்த்தம். அதை நம்பி போர்டு எரிச்சுக்கிட்டே இருந்தா தண்ணி கொதிநிலைக்குப் போயிரும். ஆனா அவ்வளவு குளிர் வீட்டுக்குள்ள வரவே முடியாதுங்கறதால, சென்சார் பழுதுன்னு போர்டே முடிவு பண்ணி கேஸை நிறுத்திருச்சு. கெட்டுப்போச்சுன்னு நான் நினைச்ச மூணு நாளும் அது நம்மளைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்குப்பா. புதுசு மாட்டினார், அரைமணி நேரத்துல ரேடியேட்டர் சுட்டது. மீட்டரைப் பார்த்ததும் நம்ம கடை வாசல்ல உக்காந்திருக்கிற மாதிரியே இருந்தது எனக்கு.

மாசியில தென்காசிக்கு வர்ற நண்பர்கிட்ட பழைய சென்சாரையும், நல்லது ஒண்ணையும் கொடுத்து விடறேன். எவர்சில்வர் டம்ளர்ல வெந்நீர் ஊத்தி, வெளிப்பக்கமா ஒட்டிப் பிடிச்சு, உங்க பழைய முள் மீட்டர்ல பாருங்க. முள் எவ்வளவு நகருதுன்னு எழுதுங்க.

அன்புடன்,
உங்க மகள்