மூத்திரச் சட்டிக்குக் கீழே கறிக்கடைப் பாக்கி

அன்புள்ள மலருக்கு,

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரேயின் படங்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கொச்சையா? படிக்காத சனங்களுக்காக வரைந்திருப்பார்கள் போலிருக்கிறது" என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டாவது வரி எனக்குப் பொறுக்கவில்லை.

அவற்றை வாங்கியவர்கள் பணக்காரர்கள், மலர். கில்ரேயின் படங்களை விற்ற ஹன்னா ஹம்ஃப்ரியின் கடை, 1797இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவுக்கு வந்தது. பிரபுக்களின் கிளப்புகள் நிறைந்த தெரு அது. வண்ணம் தீட்டிய படத்தின் விலை கூலிக்காரனுக்குக் கட்டுப்படியாகாது. காசில்லாதவர்கள் கடைச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டார்கள்.

1792இல் கில்ரே வரைந்த வேல்ஸ் இளவரசரை, அதாவது பிரிட்டனின் பட்டத்து இளவரசரை, இன்னொரு தடவை நிதானமாகப் பார். தின்று முடித்த களைப்பில் நாற்காலியில் சாய்ந்து, முள்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருக்கிறார். தொப்பை பிதுங்குகிறது. நாற்காலிக்கடியில் காலி மது பாட்டில்கள், தரையில் சூதாட்டக் காய்கள், அலமாரியில் பால்வினை நோய்க்கான மருந்து. பின்னால் ஒரு மூத்திரச் சட்டி நிரம்பி வழிகிறது. அதன் கீழே இருக்கும் காகிதங்கள் என்ன தெரியுமா? கறிக்கடைக்காரருக்கும் ரொட்டிக்கடைக்காரருக்கும் தராத பாக்கி பில்கள். 1787இல்தான் இவருடைய கடனை அடைக்க நாடாளுமன்றம் 1,61,000 பவுண்டு கொடுத்திருந்தது. அந்தச் சட்டியை எடுத்துவிட்டால் வெறும் குண்டு மனிதரின் படம்தான் மிஞ்சும். அந்த அசிங்கம் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்பேன்.

எனக்கு வயிறு எரிவது வேறொரு படத்தைப் பார்த்து. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1751இல் வெளியிட்ட 'ஜின் லேன்' (ஜின் சாராயச் சந்து). போதையில் ஒருத்தி படிக்கட்டில் உட்கார்ந்து மூக்குப்பொடி எடுக்கிறாள். கைப்பிள்ளை தலைகீழாக விழுகிறது. அவள் காலெல்லாம் பால்வினை நோய்ப் புண். ஜின் அவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் அவள் இல்லை. தானியத்திலிருந்து சாராயம் காய்ச்ச அரசே பல ஆண்டுகள் ஊக்கம் கொடுத்தது. நிலப்பிரபுக்களின் உபரித் தானியம் அதில் விலைபோனது. படத்தில் அவர்களில் ஒருவரையும் காணோம். அடகுக்கடைக்காரன் போன்ற சிலர்தான் செழிப்பாக இருக்கிறார்கள்.

ஹோகார்த் பெரிய இடத்தைத் தொடவில்லை என்று சொல்ல மாட்டேன். அவருடைய 'மேரேஜ் ஆ லா மோட்' (நாகரிகத் திருமணம்) ஓவியங்கள் ஆறும் உன் ஊர் லண்டனின் நேஷனல் கேலரியில்தான் இருக்கின்றன; நுழைவுக் கட்டணம் கிடையாது. லீவு நாளில் போய்ப் பார். இரண்டாவது ஓவியத்தில் இளம் பிரபு விடிய விடியச் சுற்றிவிட்டு வந்து சரிந்து கிடக்கிறான். அவன் சட்டைப்பையிலிருந்து யாரோ ஒரு பெண்ணின் தொப்பியை நாய் முகர்ந்து இழுக்கிறது. அவனுக்கும் அதே பால்வினை நோய்தான். ஆனால் அதற்கு அடையாளமாக அவனுக்குக் கழுத்தில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. படிக்கட்டில் இருந்தவளுக்குக் கால் முழுக்கத் திறந்த புண். இரண்டையும் வரைந்தது ஒரே கைதான். கேலிச்சித்திரம் வரையப் போகிறேன் என்கிறாய். அந்தப் பொட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா