வேலைக்குப் பக்கத்தில் வீடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை வளர்கிறது என்றாலே மெட்ரோ, மேம்பாலம், ஐ.டி. பூங்கா என்றுதான் பேசுகிறோம். இந்த நகரம் தன்னிடம் வந்தவர்களை என்னவாக மாற்றியது என்பதையும் பேச வேண்டும். 1918-ல் பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தலைவர்களாக வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள், சரி, ஆனால் வேறு வேறு தெருக்களிலிருந்து வந்து ஒரே வாசலில் நுழைந்து ஒரே கங்காணியிடம் திட்டு வாங்கியவர்கள் இல்லாமல் அந்தச் சங்கம் ஏது? 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இங்கேதான்.

நகரத்துக்கு வந்தாலே சாதி கரைந்துவிடும் என்று சொல்லவில்லை. 1921-ல் அதே மில்லில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர்கள் சாதியாகப் பிரிந்தார்கள், புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. மில்லுக்குள் சேர்ந்து வேலை செய்தவர்கள் சாயங்காலம் திரும்பியது தனித்தனிச் சேரிக்கும் தெருவுக்கும்தானே. சேர்ந்து உழைத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் குடியிருக்கவும் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாம் செய்வதோ நேர் எதிர். 2000-ல் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழைகளை மட்டும் மொத்தமாக ஓரத்தில் கொண்டுபோய்க் குடிவைக்கிறோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கம் போயின. ஆற்றோரம் ஆபத்துதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மயிலாப்பூரும் தி.நகரும்தான் பிழைப்பு. மகளிருக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி, ஆனால் போக வர ஆகும் நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? கண்ணகி நகர் என்று முகவரி சொன்னதுமே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். நகரத்தின் பழைய சேரியை அப்படியே பெயர்த்து அடுக்குமாடியாக நட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. நகருக்குள் இருக்கும் பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கட்டித்தரும் வேலையையும் அந்த வாரியம் செய்கிறது. ஆற்றோரத்திலிருந்து அகற்றப்படும் குடும்பங்களுக்கும் அதேபோல நகருக்குள்ளேயே, அவர்கள் வேலை பார்க்கும் இடத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் எட்டும் தூரத்தில், அரசு நிலத்தில் வீடு கட்டித் தர வேண்டும். பள்ளி ஆண்டின் நடுவில் யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை