ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் மாதாந்திர நிகழ்ச்சிகளை மீண்டும் தொடங்கவும் காட்சிப் பொருள்களைக் காக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
தன்னார்வ வழிகாட்டிகள் குழு,
ராணுவ வரலாற்று அருங்காட்சியகம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை.

பொருள்: நிறுத்தப்பட்ட ஞாயிறு நிகழ்ச்சிகளை மீண்டும் நடத்த அனுமதி, முன்னாள் படையினரின் நினைவுகளைப் பதிவு செய்தல், காட்சிப் பொருள்களின் பாதுகாப்பு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தங்கள் துறையின் கீழ் இயங்கும் உள்ளூர் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில், விடுமுறை நாள்களில் பார்வையாளர்களுக்குக் காட்சிப் பொருள்களை விளக்கிச் சொல்லும் தன்னார்வலர்கள் நாங்கள். எங்களில் ஓய்வுபெற்ற படைவீரர்கள் உண்டு, பள்ளி ஆசிரியர்கள் உண்டு, வரலாறு படிக்கும் மாணவர்களும் உண்டு. சம்பளமோ படியோ கேட்டு இதை எழுதவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு நடந்துவந்த நிகழ்ச்சிகள், பராமரிப்புப் பணியைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டன. பணி முடிந்து சுவருக்குப் புது வண்ணமும் அடித்தாயிற்று. நிகழ்ச்சிகள் மட்டும் திரும்பவில்லை. கேட்டால், "மேலிடத்திலிருந்து உத்தரவு வரவேண்டும்" என்கிறார்கள். அந்த உத்தரவைக் கேட்டுத்தான் தங்களிடம் வந்திருக்கிறோம்.

நிகழ்ச்சி என்றால் மேடை, மாலை, பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். அரங்கின் மூலையில் ஒரு நீள மேசை போடுவோம். இரும்புத் தொப்பி, தண்ணீர்க் குடுவை, சாப்பாட்டுத் தட்டு, திசைகாட்டியின் மாதிரி என்று கையில் எடுத்துப் பார்க்கக் கூடியவற்றை அதில் வைப்போம். எல்லாம் இரட்டைப் படியாக இருப்பவை அல்லது மாதிரிகள். பதிவேட்டில் உள்ள அசல் பொருள் எதுவும் பெட்டியை விட்டு வெளியே வராது. பக்கத்தில் ஒரு மூட்டை இருக்கும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் காலாட்படை வீரர் ஒருவர் முழுச் சாமான்களோடு சுமந்தது ஏறக்குறைய 27 கிலோ. அந்த எடைக்கு மூட்டையைக் கட்டி, தூக்கிப் பார்க்கச் சொல்வோம். போர்ப் படங்களைப் பார்த்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வரும் பையன்கள் மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு அரங்கை ஒருமுறை சுற்றி வந்ததும் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும். "இதோடு எப்படி சார் ஓடுவாங்க?", "மழை பெய்தால் இன்னும் கனக்குமா?" என்பார்கள். இதற்கெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் பதில் இல்லை.

எங்களுக்கு மிகவும் பிடித்தது அஞ்சலட்டைப் பயிற்சி. முதல் உலகப் போரில் போர்முனையில் இருந்த பிரிட்டிஷ் படையினருக்கு அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று தருவார்கள். நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், குணமாகி வருகிறேன், கடிதம் கிடைத்தது, பார்சல் கிடைத்தது, நெடுநாளாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை என்று வரிகள் அதில் இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டு, தேதியும் கையொப்பமும் மட்டும் போடலாம். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். இதைத் தமிழில் தட்டச்சு செய்து பிள்ளைகளிடம் கொடுத்து, வீட்டுக்கு எழுதச் சொல்வோம். ஒரு பையன் எல்லா வரியையும் அடித்துவிட்டு, "பார்சல் கிடைத்தது" என்பதை மட்டும் விட்டிருந்தான். ஏன்டா என்று கேட்டதற்கு, "பார்சல் வாங்கினவன் உயிரோடதானே சார் இருக்கணும்?" என்றான். தணிக்கை பற்றி நாங்கள் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் அவனுக்கு இது கிடைத்திருக்காது. ஒரு நிகழ்ச்சிக்கான செலவு சில தாள்களும் பேனாக்களும்தான்.

இந்த நிகழ்ச்சிகளின் இன்னொரு பயனைத் துறை கவனித்திருக்குமா என்பது எங்களுக்குச் சந்தேகம். பிள்ளைகளோடு தாத்தா பாட்டிகளும் வருகிறார்கள். அவர்கள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, அட்டையில் இல்லாததைச் சொல்கிறார்கள். "இது சாப்பாட்டுத் தட்டு என்று போட்டிருக்கிறீர்கள், சரி. இதில்தான் முகச்சவரத்துக்குத் தண்ணீர் காய்ச்சுவோம்" என்றார் ஒரு முன்னாள் வீரர். சமிக்ஞைப் பிரிவில் இருந்த இன்னொருவர், தலைகீழாக மாட்டப்பட்டிருந்த வயர்லெஸ் கருவி ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அது இன்னமும் தலைகீழாகத்தான் இருக்கிறது. அதைத் திருப்பி வைக்கவும் உத்தரவு வேண்டுமாம்.

இப்படிச் சொல்லக் கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள் என்பதே எங்கள் அவசரத்துக்குக் காரணம். இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தது. அப்போது 18 வயதில் படையில் இருந்தவர் இன்று இருந்தால் நூறை ஒட்டியிருப்பார். அதற்குப் பின் வந்த போர்களைப் பார்த்தவர்களும் முதியவர்களாகிவிட்டார்கள். பதக்க அரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசு வழங்கிய வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில், பெற்றவரின் எண்ணும் பெயரும் பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கியை வைத்துப் படித்தால் யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களை அதே அரசு பெயர் பொறிக்காமலே வழங்கியது. அவற்றோடு வந்த துண்டுச் சீட்டு தொலைந்தால் பதக்கத்துக்கு உரியவரும் தொலைந்தார். நம் அரங்கில் வரிசையாக மாட்டியிருக்கும் நட்சத்திரங்களில் பலவற்றின் கீழே "நன்கொடை" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. கொடுத்த குடும்பங்களில் சிலரை எங்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

எனவே நிகழ்ச்சிகளைத் தொடங்கும்போதே, முன்னாள் படையினர், அவர்கள் மனைவியர், போர்க்கால செவிலியர், படைக்குச் சுமை தூக்கியவர், சமைத்தவர், வண்டி ஓட்டியவர், போர் நடந்த பகுதியில் குடியிருந்தவர் என எல்லாருடைய நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்யும் பணியையும் தொடங்க வேண்டுகிறோம். உலகம் ஏற்கெனவே நடந்து பார்த்த வழிதான் இது. லண்டனில் உள்ள இம்பீரியல் வார் மியூசியம், போர் நடந்துகொண்டிருந்த 1917-லேயே நிறுவப்பட்டது. படையினரின் படங்களையும் நினைவுப் பொருள்களையும் குடும்பங்களிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தது. 1970-களில் ஒலிப்பதிவுக்கென்று தனிப் பிரிவே அமைத்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 2000-இல் சட்டம் இயற்றித் தொடங்கிய முன்னாள் படையினர் வரலாற்றுத் திட்டத்தில், பொதுமக்களே வீட்டுப் பெரியவரைப் பேசவைத்துப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். பேட்டி குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான நிபந்தனை. ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் நினைவுப் பட்டியலில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அங்கே மாலையில் மூடும் முன் நடக்கும் நிகழ்ச்சியில், அவர்களில் ஒருவருடைய கதையைச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒருவர்தான். நமக்கு அவ்வளவு பெரிய கட்டமைப்பு வேண்டாம். அமைதியான ஓர் அறை, ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, பேசியவரிடம் கையொப்பம் வாங்க ஒப்புதல் படிவம் இருந்தால் போதும். அறையாக இப்போது பழைய நாற்காலிகள் அடைந்து கிடக்கும் இடமே சரியாக இருக்கும். கேள்வி கேட்கும் பயிற்சியை எங்களில் உள்ள ஆசிரியர்கள் தருவார்கள்.

பதிவானதைக் கொண்டு காட்சி அட்டைகளைத் திருத்தி எழுதலாம். இப்போது ஓர் அட்டையில் "லீ என்ஃபீல்டு ரைபிள், .303" என்று மட்டும் இருக்கிறது. எண் தெரிந்தவருக்கு அது தேவையில்லை, தெரியாதவருக்கு அது புரியவில்லை. "ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் தாழை இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி. 10 குண்டுகள் போடலாம். எடை சுமார் 4 கிலோ. இதை வைத்திருந்தவர் அதைப் பற்றிச் சொன்னது:" என்று எழுதி, அவர் சொன்ன இரண்டு வரியைச் சேர்த்தால் நின்று படிப்பார்கள். எதிர்த்தரப்பில் நின்றவரின் கடிதமோ படமோ கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. துறையில் சிலருக்கு இதில் தயக்கம் இருப்பது தெரியும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது வீர விளம்பரம். போரின் வரலாறு ஆகாது.

இனி, காட்சிப் பொருள்கள் பற்றி. இதில் சில உடனே கவனிக்க வேண்டியவை.

முதலாவது, விமானக் கருவிகள் உள்ள பெட்டி. இரண்டாம் உலகப் போர்க்கால விமான முகப்புக் கருவிகள், திசைகாட்டிகள், கைக்கடிகாரங்கள் பலவற்றில் இருட்டில் தெரிவதற்காக, கதிர்வீச்சை வெளியிடும் ரேடியம் என்ற உலோகம் கலந்த சாயம் பூசியிருந்தார்கள். அது இப்போது ஒளிராததால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறார்கள். ஒளிராமல் போனது ரேடியத்தோடு கலந்திருந்த துத்தநாக சல்பைடு கெட்டுப்போனதால். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டுகள்; கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கும். முகப்புக் கண்ணாடி உடைந்து சாயம் உதிர்ந்தால் தூசி மூச்சில் போகும். ரேடியத்திலிருந்து வரும், கதிர்வீச்சுள்ள ரேடான் வாயுவும் மூடிய பெட்டிக்குள் சேரும். நம் பெட்டியில் ஒரு கருவியின் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, அதை வாரந்தோறும் ஊழியர் ஒருவர் துணியால் துடைக்கிறார். அவருக்காகவாவது கதிர்வீச்சு அளக்கத் தெரிந்தவரை ஒருமுறை வரவழையுங்கள். அதுவரை அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் விஷவாயு முகமூடிகள். அந்தக் காலத்து முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. சிறப்பு விருந்தினர்கள் வரும் நாள்களில் முகமூடியை வெளியே எடுத்துப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டுப் படம் எடுக்கும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். எங்கள் மேசையில் முகமூடி வைக்காததற்குக் காரணமும் இதுதான். வெடிபொருள்கள் விஷயமும் அப்படியே. கையெறி குண்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் செயலிழக்கச் செய்யப்பட்டவை என்பதற்கு வெடிகுண்டு நிபுணரின் சான்று ஒவ்வொன்றுக்கும் கோப்பில் இருக்க வேண்டும். "ரொம்ப நாளா இங்கேதான் சார் இருக்கு" என்பது சான்று ஆகாது.

சீருடைகள் தெற்குச் சன்னலை ஒட்டி நிற்கின்றன. துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் நடைமுறை. சன்னல் வெயில் அதைப்போல் பல மடங்கு. ஒரு சீருடையின் காலரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கரும்பச்சை, மேலே வைக்கோல் நிறம். போன நிறம் திரும்பாது. ஆனால் உலோகப் பொருள்களுக்கு வெளிச்சத்தால் கேடில்லை. சன்னல் ஓரத்துக்கு இரும்புத் தொப்பிகளைக் கொண்டுவந்து, சீருடைகளை உள்ளே நகர்த்தினால் ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீரும். பித்தளைப் பொத்தான்களையும் பதக்கங்களையும் விழாவுக்கு விழா பாலிஷ் போட்டுத் தேய்ப்பதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். தேய்க்கத் தேய்க்க எழுத்தும் உருவமும் மழுங்குகின்றன, பாலிஷின் வெள்ளைக் கறை துணியில் ஏறுகிறது. வாசலில் மழையில் நிற்கும் பீரங்கிக்கு ஒரு கூரை வேண்டும் என்று முன்பே எழுதியிருக்கிறோம். மீண்டும் எழுதுகிறோம்.

பரணில் பழைய திரைப்படச் சுருள்கள் உள்ள டிரங்குப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. 1950-களின் தொடக்கம் வரை பயன்பாட்டில் இருந்த நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதிலிருந்தே வரும். டிரங்கில் இருப்பது எந்த வகை என்று தெரிந்தவரை வைத்துப் பார்க்கும்வரை அதை மின்பெட்டிக்கு மேலே வைத்திருக்க வேண்டாம்.

நன்கொடைப் பொருள்களுக்கு ரசீதும் பதிவேட்டு எண்ணும் தர வேண்டும், ஒவ்வொன்றையும் படம் பிடித்து வைக்க வேண்டும். பழைய பதக்கங்களுக்கு வெளியே வாங்க ஆள் உண்டு என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் கேட்காதது ஒன்றும் உண்டு. ஒலி ஒளிக் காட்சி, போலித் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு, உடை மாட்டிக்கொண்டு நடத்தும் போலிச் சண்டை என்று ஒரு திட்டம் பேசப்படுவதாகக் கேள்விப்படுகிறோம். இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில், 1943-இல் துனிசியாவில் கைப்பற்றிய டைகர் டாங்கியை ஓட்டிக் காட்டுகிறார்கள். கூட்டமும் சேர்கிறது. உண்மைப் பொருள், அதை அறிந்த பணியாளர்கள், பணிமனை எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நம்மிடம் இருப்பது வேறு. வரும் பார்வையாளர்களில் உண்மையான துப்பாக்கிச் சத்தம் கேட்டவர்கள் இருக்கிறார்கள், அதில் ஆளைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ஒலிபெருக்கியில் வெடிச்சத்தம் போட எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தத் தொகையில் ஒரு பகுதி இருந்தாலே, மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்துவிடலாம்.

ஆகவே, மாதாந்திர ஞாயிறு நிகழ்ச்சிகளுக்கு அனுமதி உத்தரவும், ஒலிப்பதிவுக்கு அந்த அறையும் உடனே வழங்குமாறும், விமானக் கருவிகள், வெடிபொருள்கள், படச்சுருள்கள் ஆகியவற்றை நிபுணர் கொண்டு ஆய்வு செய்ய ஏற்பாடு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் நேரில் வந்து பார்க்க இயலுமானால், ஞாயிறன்று காலையில் வந்தால் நல்லது. எங்களில் சமிக்ஞைப் பிரிவுக்காரர் அன்றுதான் இருப்பார். முன் அறிவிப்பு தேவையில்லை. நிகழ்ச்சிகளின் படங்கள், அஞ்சலட்டைப் பயிற்சித் தாள், பேட்டி கொடுக்கச் சம்மதித்தவர்களின் பட்டியல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறோம். பட்டியலில் முதல் மூவரும் உடல்நலம் குன்றியவர்கள். அவர்களிடமிருந்து தொடங்க விரும்புகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தன்னார்வ வழிகாட்டிகள் குழுவினர்