முகாம் ரேஷன் கடைக்கு வரட்டும்

ஆசிரியருக்கு,

வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம்களில் கூட்டமில்லை என்ற செய்தி படித்தேன். 1917 டிசம்பரில் சென்னை வந்த, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவை, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சந்தித்து ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை கேட்டது. 1921-ல் சென்னை மாகாணம் தந்தது. அதுவும் சொத்து, வரித் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். எல்லாப் பெண்களுக்கும் கிடைக்க அரசியல் சட்டம் வரவேண்டியிருந்தது. அப்படி வாங்கிய உரிமை ஒரு படிவத்தில் முடங்கலாமா?

எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த பலரின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு முகவரியில்தான் இருக்கிறது. படிவம் 8 கொடுத்து மாற்றலாம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முகாம் நடக்கும் பள்ளிக்கூடம் போய் நிற்கச் சமையற்கட்டு விடுவதில்லை (சரி, விடாதது வீட்டு ஆண்கள்தான்). முகாமை ரேஷன் கடை வாசலில், சர்க்கரை, பருப்பு போடும் நாளில் நடத்தலாமே.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்