ஏக்கா, சின்னவன் ஸ்கூல் விஷயம் கேட்டியே

ஏக்கா,

நல்லா இருக்கியா, அத்தானுக்கு முட்டுவலி தேவலையா? அம்மாட்ட வீடியோ கால்ல பேசினா ரெண்டாவது நிமிஷமே "பிள்ள மெலிஞ்சுட்டானே"ல போய் நின்னுரும், அதுக்கு மேல ஒண்ணும் பேச முடியாது, அதான் உனக்கு நீளமா எழுதுறேன். நீ படிச்சுட்டு அம்மாவுக்கு எது சொல்லணுமோ அத மட்டும் சொல்லு.

நீ வாய்ஸ் மெசேஜ்ல கேட்டது சரியான கேள்விதான். ஊர்ல உங்க ஸ்கூல்லயே மாற்றுத்திறன் பிள்ளைங்க மத்த பிள்ளைங்களோட உக்காந்து படிக்குது, வட்டார வள மையத்துல இருந்து சிறப்பு ஆசிரியர் வந்து பாத்துட்டுப் போறாங்க, எல்லாரையும் ஒண்ணா வைக்கணும்னுதான் டிரெய்னிங்ல சொல்லித்தர்றாங்க, நீ இங்கிலாந்து வரைக்கும் போயி பிள்ளைய எதுக்கு தனி ஸ்கூல்ல போட்டன்னு கேட்ட. நாங்களும் முதல்ல சாதாரண ஸ்கூல்லதான் போட்டோம். இங்க 4 வயசுல ரிசப்ஷன்னு ஒரு வகுப்பு, அதுல 30 பிள்ளைங்க, செவுரு முழுக்க கலர் பேப்பர், மேல இருந்து தொங்குறது, பாட்டு, கைதட்டு, நம்ம பய காத ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு மேசைக்கு அடியில போயிருவான். டீச்சர் நல்ல பிள்ளதான், குறை சொல்ல மாட்டேன், ஆனா அவங்களுக்கு இன்னும் 29 பேரு இருக்குல்ல. கொஞ்ச நாள்ல மதியம் 12 மணிக்கே போன் வர ஆரம்பிச்சுச்சு, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. நைட் டூட்டி முடிச்சு தூங்குற என் வீட்டுக்காரிய எழுப்பணும், இல்லன்னா நான் வேர்ஹவுஸ்ல சூப்பர்வைசர்ட்ட கெஞ்சிட்டு ஓடணும். பேருக்குத்தான் எல்லாரோடயும் ஒண்ணா படிக்கிறான், உள்ளபடி பாதி நாளு வீட்லதான் இருந்தான்.

இங்க இதுக்கு ஒரு சட்டம் இருக்குக்கா, 2014ல வந்தது. பிள்ளைக்கு என்னென்ன உதவி வேணும்னு எழுதி ஒரு பிளான் போடுவாங்க, ஈஎச்சிபின்னு சொல்வாங்க, படிப்பு, உடம்பு, பராமரிப்பு மூணும் அந்த ஒரே பேப்பர்ல. தேவை இருந்தா 25 வயசு வரைக்கும் ஓடும். அதுல எஃப்னு ஒரு பகுதியில என்ன உதவின்னு இருக்கும், ஐன்னு ஒரு பகுதியில எந்த ஸ்கூல்னு பேரு இருக்கும். பேரு எழுதிட்டா, கவர்மென்ட் ஸ்கூல்னா சேத்துத்தான் ஆகணும். நமக்கு விசாவுல பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது கவர்மென்ட் உதவிப் பணம், கிடையாதுன்னு போட்டிருக்கு, அதனால ஊனமுள்ள பிள்ளைக்குக் குடுக்குற டிஎல்ஏ காசு வராது, நானும் படிப்பு உதவியும் கிடைக்காதோன்னு பயந்துட்டு இருந்தேன், ஆனா ஸ்கூலும் இந்தப் பிளானும் அந்தக் கணக்குல வராதாம். அது தெரிஞ்சப்பதான் மூச்சே வந்துச்சு.

சட்டப்படி கேட்ட நாள்ல இருந்து 20 வாரத்துக்குள்ள பிளான் கையில வரணும். எங்களுக்கு அதுக்கு ரொம்ப மேல ஆச்சு. இது எங்க கவுன்சில் (நம்ம ஊரு நகராட்சி மாதிரி, பிளான் போடுறது அவங்கதான்) கதை மட்டும் இல்ல, 2024ல நாடு முழுக்க பாதிக்கும் கம்மியான பிளான்தான் நேரத்துக்கு வந்துருக்கு. ஆளு கூடிப்போச்சு, 2015ல சுமார் 2,40,000 பிள்ளைங்களுக்கு இருந்துச்சு, 2025 ஜனவரியில 6,38,745. என்னமோ திடீர்னு இத்தன பிள்ளைங்க பொறந்துட்ட மாதிரி சிலபேரு பேசுறாங்க, முன்னாடி கண்டுக்காம விட்டதுல பாதி இப்பதான் கணக்குல வருதுன்னு இன்னும் சிலபேரு சொல்றாங்க. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, நம்ம ஊர்லயே யோசிச்சுப் பாரு, ஸ்கூலுக்கே வராம திண்ணையில உக்காந்துருந்த பிள்ளைங்க எத்தன.

பிளான் வந்துருச்சு, ஸ்கூல் எங்கன்னு பாத்தா அங்கதான் மாட்டிக்கிட்டோம். எங்க வீட்ல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு, கவர்மென்ட் ஸ்கூல்தான், பைசா கிடையாது. நான் வேலைக்குப் போற பஸ் அந்த கேட்டு முன்னாடிதான் நிக்கும். பேரு எழுதுறதுக்கு முன்னாடி கவுன்சில் அவங்களக் கேட்டுச்சு, அவங்க "ஃபுல்"னு எழுதி அனுப்பிட்டாங்க. அடுத்த ஸ்கூல் கேட்டா அங்கயும் ஃபுல். நாட்டுல இருக்கற ஸ்பெஷல் ஸ்கூல்ல மூணுல ரெண்டு பங்கு நிரம்பித்தான் கிடக்காம், சிலதுல கட்டடத்துக்குத் தாங்குறதுக்கு மேலயே பிள்ளைங்க. கடைசியா வேற ஒரு ஊர்ல இடம் கிடைச்சுச்சு. ஸ்கூல் அருமையான ஸ்கூல், அத அப்புறம் சொல்றேன். ஆனா தூரம்.

இங்க அதுக்கு டாக்ஸி கவுன்சிலே அனுப்பும், கூட ஒரு ஆளும் வரும். ஊர்ல சொன்னா, ஏ அப்பா பிள்ள தினமும் டாக்ஸியில போறானான்னு பெருமையா கேப்பாங்க. சின்னப் பிள்ளைங்கள ஒரு வழிக்கு 45 நிமிஷத்துக்கு மேல அலைய விடக்கூடாதுன்னு வழிகாட்டுதல் இருக்கு, டிராஃபிக் அதப் படிச்சிருக்காதுல்ல. வழியில இன்னும் ரெண்டு பிள்ளைங்கள ஏத்தணும், ஒருத்தன் கத்தினா இவனும் கத்துவான், ரோடு வேலை நடக்குதுன்னு டிரைவர் வேற தெருவுல திரும்பினா அன்னைக்கு முடிஞ்சுச்சு, இவனுக்கு வழி மாறக்கூடாது. ஸ்கூல் போய் சேந்து பாதிக் காலை அவன சமாதானப்படுத்தவே போயிரும். கூட வர்ற அக்கா மூணு மாசத்துல வேலைய விட்டுட்டுப் போயிட்டா, புது ஆளு முகம் பழகுறதுக்குள்ள அதுவும் மாறும்.

ஒரு நாளு அவனுக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு, டாக்ஸி சாயங்காலம்தான் வரும், எங்ககிட்ட கார் இல்ல, ரெண்டு பஸ் ஒரு டிரெய்ன் புடிச்சுப் போய் தோள்ல தூக்கிட்டு வந்தேன். அவனோட டீச்சர நான் நேர்ல பாக்குறதே அபூர்வம், ஒரு நோட்டுப் புக்குல அவங்க எழுதுறதும் நான் எழுதுறதும்தான். பெரியவ வகுப்புப் பிள்ளைங்க எல்லாம் இதே தெருவுல சைக்கிள் ஓட்டுது, ரோட்ல பாத்தா ஹாய்னு கைய ஆட்டும். சின்னவன இந்தத் தெருவுல ஒரு பிள்ளைக்கும் தெரியாது. எனக்கு டாக்ஸியவிட இதுதான்க்கா உறுத்துது. நீ ஒண்ணா படிக்கணும்னு சொல்றியே, அந்த ஒண்ணா இருக்கறதுல பாதி பக்கத்துல இருக்கறதுதான். ஒரே வகுப்புல உக்கார வைக்க முடியலன்னாலும் ஒரே ஊர்லயாவது வளரட்டுமே.

சரி அந்த ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு கேட்டல்ல. வகுப்புல 8 பிள்ளைங்க, ஒரு டீச்சர், கூட மூணு பேரு உதவிக்கு. செவுத்துல ஒண்ணும் தொங்காது. இப்ப என்ன, அடுத்து என்னன்னு ரெண்டு படம் ஒட்டின பலகை, அத வச்சுத்தான் நாள் முழுக்க ஓடுது. மக்கட்டன்னு ஒரு கைஜாடை சொல்லித்தர்றாங்க, பேசிக்கிட்டே முக்கியமான வார்த்தைக்கு மட்டும் கையில காட்டுறது. படக் கார்டு எடுத்துக் குடுத்து கேக்கவும் பழக்கிருக்காங்க. நாங்க வீட்டுக்குன்னு தோசை படம் ஒண்ணு பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினோம், இப்ப மூணு தோசை முடிஞ்சதும் அந்தக் கார்ட பிடுங்கிட்டு வந்து அவங்க அம்மா கையில திணிக்கிறான். ராத்திரி 11 மணிக்கும் திணிக்கிறான், அதுதான் தொந்தரவு. முன்னாடி பசிச்சா தலைய செவுத்துல முட்டுவான், உனக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் நம்ம மாமா சொன்னாருல்ல, தமிழ் பேசுறதாலதான் பிள்ளைக்குப் பேச்சு வரல, இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு. ஸ்பீச் தெரபிஸ்ட் அதெல்லாம் இல்ல, வீட்ல எது உங்க பாஷையோ அதையே பேசுங்கன்னு சொல்லிட்டாங்க. மாமாட்ட சொல்லிரு, சண்ட போடாம சொல்லு.

இப்ப புதுசா என்னன்னா, எங்க வீட்டுப் பக்கத்து ஸ்கூல பெருசாக்கப் போறாங்களாம். இங்க அப்படி நெனச்சதும் பண்ண முடியாது, 20 பிள்ளைங்க இல்லன்னா 10 சதவீதம், ரெண்டுல எது கம்மியோ அதுக்கு மேல இடம் கூட்டணும்னா நோட்டீஸ் போடணும், 4 வாரம் ஊர்க்காரங்க கருத்து சொல்லலாம். கேட்ல ஒட்டியிருந்தாங்க, பஸ்ல இருந்து பாத்துட்டு இறங்கிப் போய் ஃபோட்டோ எடுத்தேன். பின்னாடி கிரவுண்ட் ஓரத்துல புதுசா ஒரு கட்டடம், அப்புறம் ரெண்டு தெரு தள்ளி ஒரு சாதாரண பிரைமரி ஸ்கூல்ல பிள்ளைங்க குறைஞ்சு வகுப்பு காலியா கிடக்குல்ல, இங்க இப்ப பிறப்பு குறைஞ்சு போச்சு, அந்த ரூம்கள எடுத்து இந்த ஸ்கூலோட கிளை மாதிரி நடத்துறது. டீச்சர், முறை எல்லாம் ஸ்பெஷல் ஸ்கூலோடது, மதியம் சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் முடிஞ்ச பிள்ளைங்க அந்த ஸ்கூல் பிள்ளைங்களோட போகும். நீ சொல்றதுக்கும் நான் சொல்றதுக்கும் நடுவுல இருக்கு பாத்தியா.

அதுக்குக் கருத்து கேக்குற மீட்டிங்குக்குப் போனேன். முதல் அரை மணி நேரம் பார்க்கிங் பத்தியே பேசினாங்க, காலையில மினிபஸ் வரிசையா நின்னா எங்க கார எப்படி எடுக்குறதுன்னு. ஒரு வயசான அம்மா எழுந்து, என் அண்ணன் இப்படித்தான், அந்தக் காலத்துல இந்தப் பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா ஸ்கூலே கிடையாது, 1971ல சட்டம் மாறினப்ப அவனுக்கு வயசு தாண்டிப் போச்சுன்னு சொன்னாங்க. எல்லாரும் சும்மா இருந்தாங்க. அப்புறம் அந்த அம்மாவே, ஆனா மினிபஸ் என் வீட்டு வாசல மறிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் உக்காந்தாங்க. நல்ல மனுஷி.

எனக்கு யோசனைய குடுத்தது அந்த ஸ்கூல்ல ஏற்கனவே படிக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மாதான். அவங்களுக்கு இது பிடிக்கல, நான் கூட முதல்ல, உங்க பிள்ளைக்குக் கிடைச்சுட்டா போதுமான்னு மனசுக்குள்ள நெனச்சேன். ஆனா அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு. கட்டடம் வர்றதுக்கு முன்னாடியே இடம் கூட்டிக் கூட்டி லைப்ரரி வகுப்பாயிருச்சாம், பிள்ளைங்க அமைதியாக உக்கார்ற சென்சரி ரூமும் வகுப்பாயிருச்சாம், தெரபிஸ்ட் வந்தா காரிடார்ல உக்காந்து பாக்குறாங்களாம். உதவி ஆளுங்க சம்பளம் கம்மி, சூப்பர்மார்க்கெட்ல இதவிட கூட குடுக்குறான்னு போயிடறாங்க. இடம்னா நாற்காலி மட்டும் இல்லல்லா. 2024 டிசம்பர்ல கவர்மென்ட் 740 மில்லியன் பவுண்டு ஒதுக்குச்சு, அதுல சுமார் 10,000 இடம் உண்டாக்கப் போறோம்னு அப்புறம் சொல்லுச்சு, அது கட்டடத்துக்கான காசு, உள்ள நிக்கிற ஆளுக்கு வருஷா வருஷம் வேற காசு வேணும்.

கவுன்சில் எதுக்கு அவசரப்படுதுன்னும் புரிஞ்சுச்சு. பக்கத்துல கவர்மென்ட் ஸ்கூல்ல இடம் இல்லன்னா தனியார் ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அவங்கதான் காசு கட்டணும். இங்க தணிக்கை ஆபீஸ் 2024ல போட்ட ரிப்போர்ட்ல இருக்கு, கவர்மென்ட் ஸ்பெஷல் ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு சராசரி சுமார் 23,900 பவுண்டு, தனியார்ல சுமார் 61,500. டாக்ஸி காசு தனி. பிள்ளைங்க மேல இருக்கற பாசத்துல கட்டலன்னா பரவால்ல, கணக்குப் பாத்தாவது கட்டட்டும்.

நானும் எழுந்து பேசினேன், என் இங்கிலீஷ்ல. இடம் கூட்டுங்க, வேண்டாம்னு சொல்லல, ஆனா சென்சரி ரூம திருப்பிக் குடுங்க, கிளை வகுப்புக்கும் தெரபிஸ்ட் வர்ற நாள எழுதிக் குடுங்க, அப்புறம் தூரத்துக்கு டாக்ஸியில போற இந்த ஊர்ப் பிள்ளைங்க திரும்பி வரணும்னா முதல்ல அவங்களக் கேளுங்கன்னு. கேட்டதையே அவங்க போர்ட்ல எழுதினாங்க, எழுதினா நடந்துருமான்னு தெரியாது.

வெளிய வந்தா ஒரு யாழ்ப்பாணத்து அக்கா தமிழ்ல கூப்பிட்டாங்க, "தம்பி நீங்கள் தமிழோ"ன்னு. அவங்க மகன் பெரியவன், அவனுக்காக டிரிபியூனல் வரைக்கும், அதான் கவுன்சில் முடிவ எதிர்த்துப் போற கோர்ட் மாதிரி, போய் ஜெயிச்சவங்க. இங்க டிரிபியூனல் போற பெத்தவங்கள்ல பெரும்பாலும் ஜெயிக்கிறாங்கன்னு அவங்க சொல்லித்தான் தெரியும், அப்போ முதல்லயே குடுத்துருக்கலாம்லன்னு கேட்டேன், சிரிச்சாங்க. எஃப் பகுதியில "தேவைக்கேற்ப தெரபி"ன்னு எழுதியிருந்தா கையெழுத்துப் போடாதேங்கோ, வாரத்துக்கு எத்தின மணித்தியாலம், ஆர் குடுக்கிறது எண்டு எழுதச் சொல்லுங்கோன்னு சொல்லிட்டு நம்பர் குடுத்தாங்க. நம்ம பிளான எடுத்துப் பாத்தேன், பாதி இடத்துல "தேவைக்கேற்ப"தான். வருஷத்துக்கு ஒரு தடவ அத திருப்பிப் பாக்குற மீட்டிங் இருக்கு, அதுல கேக்கப் போறேன்.

எனக்கு ஒரு உதவி பண்ணு. ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு வீட்டுக்கே வந்து தெரபி குடுக்குறாங்கன்னு நீ ஒரு தடவ சொன்ன, நாங்க ஜூலை கடைசியில லீவுக்கு வர்றப்ப அங்க போய் ஒரு நாள் பாக்க முடியுமான்னு கேட்டு வை. அப்புறம் ஆடிக் கொடை நாள்ல நாங்க வீட்ல இருக்க மாட்டோம், உங்க வீட்டுக்கு வந்துருவோம்னு அம்மாட்ட இப்பவே சொல்லிரு, ஸ்பீக்கர நம்ம வீட்டு வேப்பமரத்துலதான் கட்டுவாங்க. காதுல மாட்டுறது ஒண்ணு வச்சிருக்கான், ஆனா அது அந்த ஸ்பீக்கருக்குப் பத்தாது. அம்மா கோவப்பட்டா, சாமி வீட்டுக்குள்ளயும் இருக்குன்னு நீ சொல்லு, நான் சொன்னா எடுபடாது.

உன் தம்பி