துண்டு மட்டும் பொது

அன்புள்ள விசாலம்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. முழங்கால் எப்படி இருக்கிறது? பேத்திக்குக் காது குத்தியாகிவிட்டதா?

எங்கள் முதியோர் இல்லத்தில் சிரங்கு வந்துவிட்டது. அதுதான் இத்தனை நாள் மௌனத்துக்குக் காரணம். நான்காம் அறைப் பாட்டி இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தார். வயதானால் தோல் வறளும், தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்று சொன்னவள் நான்தான். முப்பது வருடம் வார்டில் நின்றவளுக்கு விரலிடுக்கை விரித்துப் பார்க்கத் தோன்றவில்லையே! முதல் தடவை தொற்றினால் அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று உனக்கும் எனக்கும் பாடம் நடத்திய மேட்ரன் இருந்திருந்தால் என்னை வெயிலில் நிறுத்தியிருப்பார். கணக்கெடுத்தபோது ஒன்பது பேர், ஆயாக்களில் இருவர்.

எங்கள் தரையை நீ பார்க்க வேண்டும். காலையும் மாலையும் பினாயில் போட்டுத் துடைக்கிறார்கள், முகம் தெரியும். பார்க்க வரும் பிள்ளைகள் அதைத்தான் மெச்சுவார்கள். நானும் அந்தப் பளபளப்பில் மயங்கியிருந்தேன். தொற்று எங்கே என்று தேடப்போனால், குளிப்பாட்டும்போது ஒரே துண்டால் நான்கு பேரைத் துவட்டியிருக்கிறார்கள். படுக்கை விரிப்பு மாற்றிப் பத்து நாள். கழிப்பறை துடைத்த மாப்புதான் சாப்பாட்டுக் கூடத்துக்கும் வந்திருக்கிறது. ஆயாக்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாற்பது பேருக்கு மூன்று பெண்கள், பன்னிரண்டு துண்டுகள். வேறு என்ன செய்வார்கள்?

அரிப்பு இருந்தவர், இல்லாதவர் எல்லாருக்கும் ஒரே இரவில், சிரங்குப் பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் களிம்பு பூசினோம். ஒரு வாரம் கழித்து மறுபடியும். விரிப்பு, உடுப்பு எல்லாம் கொதிநீரில் போயின. இப்போது ஆளுக்கு இரண்டு துண்டு, மூலையில் பெயர் எழுதியது. கழிப்பறைக்குச் சிவப்பு மாப்பு, அறைகளுக்கு நீலம். கட்டில் கம்பி, வாக்கர் பிடி, சுவிட்சு இவற்றைச் சோப்பு நீரில் துடைத்த பிறகுதான் பிளீச்சிங். புதிதாக வந்த பெண் பிளீச்சிங் பவுடர் கிடந்த இடத்தில் ஆசிட்டை ஊற்றி மூச்சுமுட்ட ஓடி வந்தாள். அந்த வாயு ஆளைக் கொல்லும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஆசிட்டை இல்லத்தை விட்டே அனுப்பிவிட்டேன்.

நிர்வாகத்தில் ஒருவர், இனி யாரிடமும் சொந்தத் துணிமணியே இருக்கக் கூடாது என்றார். அன்று நான் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். அது வார்டு இல்லை விசாலம், அவர்கள் வீடு. ஏழாம் அறைத் தாத்தா இறந்துபோன மனைவியின் சுங்குடிப் புடவையைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவார். கொதிநீரில் போட்டால் சாயம் போய்விடும் என்று அழுதார். உடம்பை விட்டு விலகினால் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது, உனக்குத் தெரியும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, ஒரு வாரம் என்றேன். பையைக் கட்டிலருகே நாற்காலியில் வைத்துக்கொண்டார். எட்டாம் நாள் காலை ஆறு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினார்.

உன்னிடம் பழைய பருத்தி வேட்டி, புடவை இருந்தால் அனுப்பு. துடைக்கிற துணி ஒவ்வோர் அறைக்கும் தனியாக வேண்டும். எவ்வளவு இருந்தாலும் போதவில்லை.

அன்புடன்,
உன் ராஜி